மெட்டா ஆட்ஸ் மேனேஜர்: திரையில் ஒரு கணக்கு, கல்லாவில் ஒரு கணக்கு

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுக்க மெட்டா வைத்திருக்கும் கருவிதான் ஆட்ஸ் மேனேஜர். கருவிக்குக் கட்டணம் கிடையாது, விளம்பரம் ஓடுவதற்குத்தான் பணம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நாலு பேர் வாங்கி, நன்றாயிருக்கிறது என்று ஐந்தாவது ஆளிடம் சொல்கிற பொருளோ சேவையோ உங்களிடம் இருந்தால், அதை ஆயிரக்கணக்கானவர் கண்ணில் பட வைக்க இது மிகத் தோதான கருவி. இன்னும் யாருமே வாங்கிப் பார்க்காத ஒன்றுக்கு ஆள் பிடித்துத் தரச் சொன்னால், பட்ஜெட்டைக் காலி செய்துவிட்டு கிளிக் எண்ணிக்கையை மட்டும் காட்டும். அதனால் கருவியை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குத் தீனி போடுகிற அறிமுக வட்டத்தையும், அதாவது உங்களைத் தெரிந்து மற்றவரிடம் சொல்கிறவர்களையும், சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

பலர் இதற்குள் வருவதே இல்லை. பதிவுக்குக் கீழே இருக்கும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்திவிட்டு, ‘விளம்பரம் பண்ணிப் பார்த்தாச்சு, ஒண்ணும் வரலை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பூஸ்ட்டில் கிடைக்கும் தேர்வுகள் குறைவு. லைக், கமெண்ட் போடுகிறவர்களைத் தேடிக் கொண்டுவருவதில் அது கெட்டி. லைக் போடுகிறவரும் பணம் கொடுத்து வாங்குகிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். போதாக்குறைக்கு, ஐபோன் ஆப்பிலிருந்து பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் 30 சதவீதக் கட்டணமும் சேர்ந்து பிடிபடும் ஏற்பாடு 2024-ல் அமெரிக்காவில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் வந்தது. அதே பதிவை பிரவுசரில் திறந்து விளம்பரமாக்கினால் அந்தக் கட்டணம் இல்லை.

ஆட்ஸ் மேனேஜரில் மூன்று அடுக்கு: கேம்பெயின், அதற்குள் ஆட் செட், அதற்குள் ஆட். நோக்கத்தைக் கேம்பெயினில் சொல்கிறீர்கள். யாருக்கு, எங்கே, எவ்வளவு என்பது ஆட் செட்டில். படமும் வாசகமும் ஆட்டில். நோக்கங்கள் ஆறு: விழிப்புணர்வு, டிராஃபிக் (இணையதளத்துக்கு ஆள் வருவது), எங்கேஜ்மெண்ட் (லைக், கமெண்ட், மெசேஜ்), லீட் (விசாரிப்பவரின் பெயர், எண்), ஆப் புரமோஷன், சேல்ஸ். பணம் வீணாகும் முதல் இடம் இதுதான். இயந்திரம் நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும். டிராஃபிக் என்றால் கிளிக் செய்யும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும். அவர்கள் வாங்குவார்களா என்பது அதன் கவலை இல்லை. டிராஃபிக்தான் வேண்டும் என்றாலும், ‘லிங்க் கிளிக்’கை விட்டு ‘லேண்டிங் பேஜ் வியூ’வைத் தேர்ந்தெடுங்கள். தவறுதலாக விரல் பட்டு, பக்கம் திறப்பதற்குள் திரும்பிப் போகிறவர்கள் அதில் கழிந்துவிடுவார்கள். ஆடியன்ஸ் நெட்வொர்க் என்ற பெயரில் பிற ஆப்களுக்குள் தோன்றும் விளம்பரங்களில் இந்த விரல் பட்ட கிளிக் அதிகம்.

அடுத்தது லேர்னிங் ஃபேஸ், அதாவது கருவி கற்றுக்கொள்ளும் காலம். ஓர் ஆட் செட்டுக்கு வாரத்தில் சுமார் 50 முடிவுகளாவது (நீங்கள் இலக்கு வைத்த லீடோ விற்பனையோ) கிடைத்தால்தான் யாரிடம் காட்டுவது என்பது கருவிக்குப் பிடிபடும். அதற்கேற்பத்தான் பட்ஜெட்டைக் கணக்குப் போட வேண்டும். ஒரு லீடுக்கு 80 செலவாகிறது என்றால் 50 லீடுக்கு 4,000. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 570. சுருக்கமாக, ஒரு முடிவுக்கு ஆகும் செலவைப் போல் ஏழு மடங்குக்குச் சற்று மேல் தினசரி பட்ஜெட். அவ்வளவு முடியாது என்றால் ஐந்து ஆட் செட்டை ஒன்றாக்குங்கள். அல்லது ‘பர்ச்சேஸ்’க்குப் பதிலாக அதற்கு முந்தைய படியான ‘ஆட் டு கார்ட்’டையோ மெசேஜ் வருவதையோ இலக்காக வையுங்கள். சின்ன பட்ஜெட்டை வயது வாரியாக, ஊர் வாரியாக, ஆர்வம் வாரியாகக் கூறு போட்டு ‘லேர்னிங் லிமிடெட்’ (போதிய முடிவுகள் இல்லை) என்ற எச்சரிக்கையோடு மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் அதிகம் காணக்கிடைக்கும் தவறு.

இன்னொன்று கை நமைச்சல். காலையில் ஒரு முடிவுக்கான செலவு ஏறியிருக்கிறது என்று டார்கெட்டிங்கை (யாருக்குக் காட்டுவது என்ற தேர்வை) மாற்றுவது, மதியம் படத்தை மாற்றுவது, மாலையில் பட்ஜெட்டை இரட்டிப்பாக்குவது. இப்படி ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் லேர்னிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்திவைத்துத் திரும்ப ஓட விட்டாலும் அப்படித்தான். பட்ஜெட்டை ஏற்ற வேண்டுமானால் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை 20 சதவீதம் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. தினசரி பட்ஜெட்டைத் தாண்டி ஒருநாள் செலவாகிவிட்டால் பதற வேண்டாம். சில நாள் கூடும், சில நாள் குறையும், வாரக் கூட்டல் ஏழு நாள் பட்ஜெட்டைத் தாண்டாது.

இனி கணக்கு விஷயம். கருவியின் பெரிய பலவீனம் இதுதான்: தன் சாதனையைத் தானே எழுதிக்கொள்கிறது. வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அந்த விற்பனை விளம்பரத்தின் வரவில் ஏறிவிடும். உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் நண்பரிடம் பரிந்துரை செய்கிறார்; அந்த நண்பர் வாங்குவதற்கு முதல் நாள் இரவு உங்கள் விளம்பரம் அவர் திரையில் ஓடியிருக்கிறது. விற்பனையை விளம்பரம் எடுத்துக்கொள்ளும், பரிந்துரைத்தவர் எந்த ரிப்போர்ட்டிலும் வரமாட்டார். மறுபக்கமும் உண்டு. 2021-ல் ஐஓஎஸ் 14.5 வந்த பிறகு, கண்காணிக்க அனுமதி மறுத்த ஐபோன்காரர்கள் வாங்கியதில் ஒரு பகுதி கணக்கில் விழுவதே இல்லை. வாங்கியவர் விவரத்தை பிரவுசரிலிருந்து மெட்டாவுக்கு அனுப்பும் பிக்சலோடு, அதையே உங்கள் சர்வரிலிருந்து அனுப்பும் கன்வர்ஷன்ஸ் ஏபிஐயையும் இணைத்தால் இழப்பு குறையும். ஆனால் இரண்டு வழியிலும் போகும் ஒரே நிகழ்வுக்கு ஒரே ஈவன்ட் ஐடி கொடுக்காவிட்டால் ஒரு விற்பனை இரண்டாகப் பதிவாகும். ரிப்போர்ட்டில் ஆர்டர் எண்ணிக்கை கல்லாவில் இருப்பதைப்போல் சரியாக இரட்டிப்பாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அதனால் உங்களுக்கென்று தனியாக ஒரு ஷீட் வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ‘எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?’ என்று கேட்டு எழுதிவையுங்கள். வாரக் கடைசியில் மொத்தப் புது வாடிக்கையாளர்களை மொத்த விளம்பரச் செலவோடு ஒப்பிடுங்கள். விற்பனையில் லாபம் 40 சதவீதம் என்றால், விளம்பரத்துக்குப் போட்ட ஒவ்வொரு 100-க்கும் 250-க்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. லாபம் 25 சதவீதம் என்றால் 400-க்கு விற்க வேண்டும். இந்த எண் தெரியாமல் ‘மூணு மடங்கு வந்திருக்கு’ என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

விளம்பரத்துக்குள்ளேயே திறந்து விவரம் வாங்கும் லீட் ஃபார்ம் வசதியானது, ஏமாற்றுவதும் கூட. பெயர், எண், மின்னஞ்சல் எல்லாம் தானாகவே நிரம்பி நிற்கும். விரலால் இரண்டு தட்டு, முடிந்தது. மறுநாள் நீங்கள் அழைக்கும்போது மறுமுனையில் ‘ஃபார்மா? நானா? எதுக்கு?’ என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நினைவில் இல்லை. மருந்து இரண்டு. ஃபார்ம் வகையில் ‘ஹையர் இன்டென்ட்’ வைத்தால் அனுப்பும் முன் சரிபார்க்கும் படி ஒன்று கூடும். அதோடு, தட்டச்சு செய்துதான் பதில் தர முடியும் என்கிற ஒரு கேள்வி சேருங்கள்: ‘உங்கள் பகுதி எது, எப்போது வேண்டும்?’ லீட் எண்ணிக்கை குறையும், விலை ஏறும், பேச்சு நடக்கும். பகுதியைக் கேட்பதற்கு வேறு காரணமும் உண்டு: ஊரைக் குறித்து டார்கெட் செய்தாலும் அங்கே வசிப்பவர்களோடு அண்மையில் அங்கு வந்துபோனவர்களும் வருவார்கள். லீட் வந்த சில நிமிடங்களுக்குள், அவர் பார்த்த அதே விளம்பரப் படத்தோடு வாட்ஸ்அப் செய்தி போனால் ‘எந்த ஃபார்ம்’ என்ற கேள்வியே எழாது. ஃபார்மில் சேரும் விவரங்களை 90 நாள் வரைதான் தரவிறக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாசகத்தைப் பொறுத்தவரை கருவி உதவாது. அறிமுக வட்டம்தான் உதவும். ஏசி சர்வீஸ் செய்பவரின் விளம்பரத்தில் ‘தரமான சேவை, நியாயமான விலை’ என்று இருக்கும். அவருடைய வாடிக்கையாளரோ பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லியிருப்பார்: ‘பத்து மணின்னா பத்து மணிக்கு வந்தாங்க. கழட்டினப்போ விழுந்த தூசியைக்கூட துடைச்சுட்டுத்தான் கிளம்பினாங்க.’ விளம்பரத்தில் வர வேண்டியது இரண்டாவதுதான். பழைய வாடிக்கையாளர்கள் பத்துப் பேரை அழைத்து, வாங்கும் முன் என்ன தயக்கம் இருந்தது, வாங்கியபின் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். ஒரே தயக்கம் மூன்று வாயிலிருந்து வந்தால் அதுதான் முதல் வரி. அப்படியே எழுதும்போது ஒரு விதியில் கவனம் வேண்டும்: ‘உங்களுக்குச் சர்க்கரை நோயா?’, ‘கடனில் தவிக்கிறீர்களா?’ என்று படிப்பவரின் சொந்த நிலையைச் சுட்டும் வாசகம் மெட்டாவில் நிராகரிக்கப்படும். போட்டியாளர் என்ன ஓட்டுகிறார் என்று பார்க்க ஆட் லைப்ரரி இருக்கிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பல மாதமாக மாறாமல் ஓடும் விளம்பரம் ஏதோ சம்பாதித்துக் கொடுக்கிறது என்று ஊகிக்கலாம்.

ஆடியன்ஸ் தயாரிப்பதிலும் அப்படியே. கஸ்டம் ஆடியன்ஸில் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றி, அதன் சாயலில் இருக்கும் புது ஆட்களின் கூட்டமான லுக்-அலைக்கை உருவாக்கலாம். பட்டியலில் ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது மெட்டா கணக்குகளோடு பொருந்த வேண்டும். 1,000-க்கு மேல் இருந்தால்தான் சாயல் உருப்படியாக வரும். இரண்டாம் முறை வாங்கியவர்களை மட்டும் ஏற்றுங்கள். ஒருமுறை விசாரித்துவிட்டுப் போனவர்களையும் கலந்தால் விசாரிப்பவர்களே இன்னும் வருவார்கள். விலைக்கு வாங்கிய எண் பட்டியலை ஏற்றுவது விதிமீறல், பலனும் இல்லை.

அறிமுக வட்டத்தை அளக்க ஒரு நேர்மையான வழி வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பிலேயே இருக்கிறது. அதன் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 256 பேருக்கு அனுப்பி 60 பேருக்குத்தான் சேர்ந்தது என்றால், உங்கள் வட்டம் 60 தான். மீதியெல்லாம் எண்கள்.

வட்டத்தைப் பெருக்க விசிட்டிங் கார்டை இறைப்பதும், லிங்க்ட்இனில் இணைந்த நொடியில் கேட்லாக் அனுப்புவதும் வேலைக்கு ஆகாது. 1985-ல் ஐவன் மைஸ்னர் தொடங்கிய, தொழில் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கும் பிஎன்ஐ போன்ற அமைப்புகளில் ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். வாரம் தவறாத சந்திப்பு, குறுகிய அறிமுகப் பேச்சு. அங்கே ‘யாருக்காவது தேவைன்னா சொல்லுங்க’ என்று உட்காருகிறவருக்காக மற்றவர்களுக்கு யார் பெயரும் நினைவுக்கு வராது. ‘புது அலுவலகத்துக்கு மாறப் போகிற, இருபது பேருக்குள் வேலை செய்யும் நிறுவனம் தெரியுமா?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் மனதில் ஒரு முகம் வரும். அறிமுகம் செய்துவைத்தவருக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு வரி எழுத வேண்டும், வியாபாரம் முடியாவிட்டாலும். இதைச் செய்யாததால்தான் இரண்டாவது அறிமுகம் வருவதில்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் முதலில் படிப்பதும் இப்படிப்பட்டவர்கள் எழுதிய கமெண்ட்டைத்தான்.

குறைகளில் இன்னும் மூன்று. அட்வான்டேஜ்+ கிரியேட்டிவ் என்ற தலைப்பின் கீழ் படத்துக்கு நிறம் கூட்டுவது, இசை சேர்ப்பது, வாசகத்தை இடம் மாற்றுவது போன்றவை தானாக இயங்கும்படி வந்துவிடலாம். வெளியிடும் முன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து வேண்டாததை அணையுங்கள். அக்கவுண்ட் முடக்கப்பட்டால் மனிதரோடு பேசித் தீர்ப்பது எளிதல்ல. ஆகவே இரண்டு அட்மின், இருவருக்கும் டூ-ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு கூடுதல் குறியீடும் கேட்கும் பாதுகாப்பு), பில்லிங்கில் அக்கவுண்ட் ஸ்பெண்டிங் லிமிட் என்று முதல் நாளே செய்துவைக்க வேண்டும். ஏஜென்சியிடம் கொடுத்தாலும் பிக்சலும் ஆட் அக்கவுண்ட்டும் உங்கள் பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் (மெட்டாவில் உங்கள் தொழிலின் பெயரில் இருக்கும் கணக்கு) இருக்கட்டும், அவர்களுக்கு பார்ட்னர் அணுகல் மட்டும் போதும். அவர்கள் பெயரில் திறந்தால், பிரியும் நாளில் அத்தனை மாதத் தரவும் அவர்களோடு போய்விடும்.

யாருக்கு வேண்டாம்? மாதத்துக்கு ஐந்தாறு புது ஆட்கள் போதும் என்கிற ஆடிட்டர், கட்டட வடிவமைப்பாளர், தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து தருபவர் ஆகியோருக்கு வாரம் 50 முடிவு என்ற கணக்கே பொருந்தாது. இவர்கள் பெரும் பட்ஜெட்டை அறிமுகங்களுக்குச் செலவாகும் நேரமாக மாற்றிக்கொள்ளலாம். ஆட்ஸ் மேனேஜரில் ரிட்டார்கெட்டிங்குக்கு (ஏற்கெனவே வந்துபோனவருக்கே மறுபடி காட்டுவதற்கு) மட்டும் ஒரு சிறு தொகை போதும்: கடந்த 180 நாளில் இணையதளத்துக்கு வந்தவர், 365 நாளில் இன்ஸ்டாகிராம் பக்கத்தோடு தொடர்பு கொண்டவர். ஒருவருக்கு வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் காட்டத் தொடங்கினால் படத்தை மாற்றிவிடுங்கள்.