பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்

கடலூரில் லேப்டாப் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள், அதிலும் அடுத்தவர் கணக்கு வழக்கை லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். கடை பெயரை எழுதவில்லை. திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மாடிக்கடை, அவ்வளவு போதும்.

நான் ஏழெட்டு சின்னக் கடைகளுக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவன். மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். லேப்டாப் 2019-இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கம்பெனியே போட்டுக் கொடுத்த விண்டோஸ் 10 ஹோம். தீபாவளிக்குப் பிறகு படுத்த ஆரம்பித்தது. ஆன் பண்ணிவிட்டு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். இடதுகைப் பக்கம் காதை வைத்தால் உள்ளே நகத்தால் சுண்டுவது போல 'டிக்... டிக்'.

நவம்பர் 17, திங்கட்கிழமை, நல்ல மழை. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாத ரிட்டர்னைப் போட வேண்டும். அந்த அவசரத்தில் ஓடினேன்.

கடைத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "மொதல்ல எரர சரி பண்ணிப் பாக்கலாம் சார்" என்று என் கண் முன்னாலேயே செக் டிஸ்க்கை, அதாவது டிஸ்க்கில் கோளாறு தேடிச் சரிசெய்யும் விண்டோஸ் புரோகிராமை, ஓடவிட்டார். நானும் தலையாட்டினேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செய்யவே கூடாத வேலை அது என்று அப்போது தெரியாது. கெட்ட இடங்களையும் தேடச் சொன்னால் செக் டிஸ்க் முழு டிஸ்க்கையும் படிக்கும், கெட்ட இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும், போதாததற்கு அதே டிஸ்க்கில் எழுதவும் செய்யும். ஆஸ்துமாக்காரரை மலை ஏறச் சொல்கிற மாதிரி. முதலில் டேட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு மணி நேரம் கழித்து, "டிஸ்க் போயிடுச்சு சார், எஸ்எஸ்டி போட்டுக்கோங்க, ராக்கெட் மாதிரி ஓடும்" என்றார். 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) 3,600, ஓஎஸ், அதாவது விண்டோஸ் போட 800, டேட்டா எடுக்க 1,000. ஆக 5,400 ரூபாய். எஸ்எஸ்டி புதுசு, மூன்று வருட வாரண்டி. ஓஎஸ் ஒரிஜினல் என்று சொன்னார். விண்டோஸ் 11 கேட்டேன், "உங்க மெஷின் தாங்காது சார்" என்றார். (எட்டாம் தலைமுறை ஐ5-க்கு 11 தாராளமாக ஏறும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது.)

மறுநாள் சாயங்காலம் வாங்கி வந்தேன். உண்மையிலேயே ராக்கெட்தான். பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத்தாளில் 'எஸ்எஸ்டி - 1, ஓஎஸ் - 1, டேட்டா' என்று எழுதி, கூட்டி, வட்டம் போட்டுக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. ஊரான் பில்லில் ஒரு எண் விட்டுப்போனாலும் கத்துகிறவன் நான். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

புதன் காலை டேலியைத் திறந்தால் ஒரு கடையின் கணக்குகூட இல்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றை மட்டும் காப்பி பண்ணிவிட்டு 'ஃபுல் டேட்டா' என்று ஆயிரம் வாங்கியிருக்கிறார். டேலியின் டேட்டா ஃபோல்டர் சி டிரைவில் வேறு இடத்தில் இருந்தது. என்னிடம் இருந்த பேக்கப் செப்டம்பர் கடைசியில் எடுத்தது. அது என் தப்பு, மறுக்கவில்லை.

கடைக்கு ஓடினேன். "பழைய டிஸ்க் ஸ்கிராப்புல போயிடுச்சு சார்." நேற்று கழற்றியது இன்றைக்கு ஸ்கிராப்பா? அதில் எட்டுக் கடைகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, பான் கார்டு நகல், பேங்க் ஸ்டேட்மெண்ட். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமை புதுச்சேரியில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா பையன் பஸ் பிடித்து வந்தான். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்ததுமே, "மாமா, ஸ்க்ரூ மூணு காணோம்" என்றான். அப்புறம் டிஸ்க்கின் நிலைமையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கி எஸ்எஸ்டியைக் காட்டினான். ஹெல்த் 71 சதவீதம். பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது இதுவரை ஓடிய மொத்த மணி நேரம், 14,212. ராத்திரி பகலாக ஓடினால்கூட ஒன்றரை வருடத்துக்கு மேல். பவர் ஆன் கவுண்ட், அதாவது ஆன் ஆன தடவைகள், 96. நூறு தடவைகூட அணையாமல் இத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றால், எங்கேயோ அணைக்கவே அணைக்காத மெஷினிலிருந்து கழற்றியது. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டுப் பார்த்தால் வாரண்டி முடிந்தே போயிருந்தது. இந்த மணிக்கணக்கை அழித்துப் பூஜ்யமாக்கி விற்பவர்களும் இருக்கிறார்களாம். அதனால் மணிக்கணக்கு, வாரண்டி இரண்டையும் பார்க்க வேண்டும் என்றான்.

அடுத்து விண்டோஸ். ஹோம் பதிப்பு இருந்த மெஷினில் ப்ரோ என்ற வேறு பதிப்பைப் போட்டிருந்தார்கள். ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் விண்டோஸ் ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. எந்த நிறுவனம்? என் வீட்டுத் திண்ணையா? காசு கொடுக்காமல் விண்டோஸை ஏமாற்றி ஆக்டிவேட் செய்யும் கிராக் போட்டால் இப்படித்தான் வருமாம். அந்தக் கிராக் இருக்கும் ஃபோல்டரை ஆன்டி வைரஸ் தொடாதபடி விலக்கியும் வைத்திருந்தார்கள். நான் நாலு நாளாக அதே மெஷினில்தான் கடைக்காரர்களின் பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி ஒவ்வொருவருக்காக போன் போட்டது தனிக் கூத்து.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஓஎஸ்ஸுக்குக் கொடுத்த 800 ரூபாய்க்குத் தேவையே இல்லை. விண்டோஸோடு விற்ற லேப்டாப் என்றால், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே கீ (ஆக்டிவேஷன் எண்) மதர்போர்டில் பதிந்திருக்கும். டிஸ்க்கை மாற்றினாலும் கீ போகாது. அதே ஹோம் பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென் டிரைவில் இறக்கிப் போட்டு, நெட்டை இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அப்படித்தான் கடைசியில் ஆனது. விண்டோஸ் 11 ஹோம், செலவு பூஜ்யம்.

இருவருமாகக் கடைக்குப் போனோம். 14,212 மணி நேரத்தைக் காட்டியதும், "அது கம்பெனில டெஸ்டிங் பண்ணது சார்" என்றார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், 5 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, இப்போதே நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் உள்ளேயிருந்து ஓனர் வந்தார். வாக்குவாதம் முக்கால் மணி நேரம். எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு 2,600 கொடுத்தார். மீதி வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். எஸ்எஸ்டியில் என் டேட்டாவும் இருந்ததே, அக்கா பையன் அதை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தான். புதுசு புதுச்சேரியில் வாங்கினோம், சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லோடு.

ஸ்கிராப்பில் போன பழைய டிஸ்க்? மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தது. லேப்டாப் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன். அக்கா பையன் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து மெஷினை ஆன் பண்ணி, பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற டேட்டா மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டான். நல்ல இடங்களை முதலில் காப்பி பண்ணிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். பதினாறு மணி நேரம் ஓடியது. டேலி முழுசாகக் கிடைத்தது. போட்டோக்கள் கொஞ்சம் பாதி சாம்பல் நிறமாக வந்தன. இரண்டு கடைகளுக்கு ரிட்டர்ன் 24-ஆம் தேதிதான் போட முடிந்தது. நாளைக்கு 50 வீதம் நாலு நாள், ஆளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம், என் கைக்காசு.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அந்த அட்டைப்பெட்டியில் இருபது இருபத்தைந்து டிஸ்க்காவது கிடந்தது. இந்த வருடம் அந்தப் பக்கம் லேப்டாப் கொடுத்து, பழைய டிஸ்க்கைக் கேட்காமல் வந்தவர்கள் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். என்னுடையதற்குக் கீழே இருந்த ஒன்றில் வெள்ளை டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'பாப்பா காதுகுத்து' என்று எழுதியிருந்தது.