டெஸ்ட் அண்ட் டியூன் மாலை: டிராக் ரேசிங்கின் நுழைவாயில் பற்றிய மதிப்பீடு

நேர்ப்பாதையில் குறுகிய தூரத்தை யார் விரைவாகக் கடப்பது என்று பார்க்கும் டிராக் ரேசிங்குக்கான பாதைகள் பொதுமக்களுக்காக நடத்தும் ‘டெஸ்ட் அண்ட் டியூன்’ மாலைகளில், தினமும் வேலைக்குப் போய்வரும் காரையே ஓட்டிச் சென்று, நுழைவுக் கட்டணம் செலுத்தி, வாகனச் சோதனையில் தேறியதும் கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, முழு வேகத்தில் ஓடிப் பார்க்கலாம். சில பாதைகளில் இந்தத் தூரம் அதில் பாதியாக இருக்கும். பந்தய உரிமம் கேட்கப்படுவதில்லை; தனி வாகனமோ, அதை ஏற்றிச் செல்லும் டிரெய்லரோ, உடன்வரும் மெக்கானிக்கோ தேவையில்லை. மோட்டார் பந்தயத்தின் வேறு எந்தப் பிரிவிலும் இவ்வளவு குறைந்த செலவில் உண்மையான பந்தயப் பாதையில், உண்மையான நேரக் கருவிகளின் முன் நிற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாகனச் சோதனை பலரும் அஞ்சுவதைப் போலக் கடினமானதன்று. பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்கிறதா, எண்ணெயோ கூலன்ட்டோ கசிகிறதா, சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, டயர்களும் சீட் பெல்ட்டும் நல்ல நிலையில் உள்ளனவா என்று பார்ப்பார்கள். சக்கர மூடிகளைக் கழற்றிவிட வேண்டும். முழுநீளக் கால்சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகளின்படி கால் மைலை 13.99 விநாடிகளிலோ அதற்கும் விரைவாகவோ கடக்கும் கார்களுக்குத்தான் தலைக்கவசம் கட்டாயமாகிறது. சாதாரணக் குடும்பக் கார்கள் பெரும்பாலும் 15 விநாடிகளுக்கு மேல் எடுத்துக்கொள்பவை. ஆயினும் எல்லா ஓட்டுநருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் பாதைகளும் உண்டு. விதி கேட்காவிட்டாலும் முதல் செலவாகத் தரச்சான்று பெற்ற தலைக்கவசம் ஒன்றை வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கட்டணத்துக்கு ஈடாக நம் கைக்கு வருவது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் தரப்படும் நேரச் சீட்டு. இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் அந்தச் சிறு தாளில்தான் அடங்கியிருக்கிறது. பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து கார் நகரும் வரை ஆன எதிர்வினை நேரம், முதல் 60 அடி, பிறகு 330, 660, 1000, 1320 அடிகள் ஆகியவற்றைக் கடந்த நேரம், பாதியிலும் முடிவிலும் எட்டிய வேகம் ஆகியவை அதில் அச்சாகியிருக்கும்; நேரங்கள் ஆயிரத்தில் ஒரு விநாடி வரை துல்லியமானவை. ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சை விளக்கோடு தொடங்குவதில்லை. முன்சக்கரம் புறப்பாட்டுக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு விலகும் கணத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே, தயங்கித் தாமதமாகப் புறப்பட்டாலும் காரின் உண்மையான நேரம் கெடாது என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் நீங்கிவிடும்.

புதியவர் முதலில் பார்க்க வேண்டியது 60 அடி நேரத்தைத்தான். அங்கே பத்தில் ஒரு விநாடி குறைந்தால் கால் மைலின் முடிவில் மொத்த நேரம் அதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ குறையும். அதைக் குறைப்பதற்குப் பெரும்பாலும் பணம் தேவைப்படுவதில்லை. டயர் காற்றழுத்தத்தைச் சற்றே மாற்றிப் பார்ப்பதும், ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதிக்காமல் சக்கரம் வழுக்காத அளவுக்கு அழுத்தப் பழகுவதும் போதும். சாலை டயருடன் வருபவர்கள் பர்ன்அவுட்டுக்காக, அதாவது பந்தய டயர்களைச் சுழலவிட்டுச் சூடாக்குவதற்காக, நனைத்து வைத்திருக்கும் பகுதியைச் சுற்றிச் செல்ல வேண்டும்; டயர்ப் பள்ளங்களில் தேங்கும் நீர் புறப்பாட்டுக் கோடு வரை வந்து, பின்னால் வருபவருக்கும் சேர்த்துப் பிடிமானத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்த படியாகிய பிராக்கெட் பந்தயத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஓட்டுநர் தம் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்பதை முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். 16.20 என்று எழுதியவரும் 11.70 என்று எழுதியவரும் மோதினால், மெதுவான காருக்கு 4.50 விநாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட விரைவாக ஓடினால் தோல்வி. பச்சைக்கு முன் புறப்பட்டாலும் தோல்வி. இதனால் பழைய காரை ஒரே சீராக ஓட்டத் தெரிந்தவர், பல மடங்கு விலையுள்ள காரை வைத்திருப்பவரை நேர்மையாக வெல்ல முடிகிறது. புறப்பாட்டைத் துல்லியமாக்கும் மின்னணுக் கருவிகள் இங்கும் பணத்துக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டன என்பதை மறுப்பதற்கில்லை. எனவே, அக்கருவிகளுக்கு இடமில்லாத பிரிவைத் தேர்ந்தெடுப்பதே தொடக்கநிலையினருக்கு நல்லது.

செலவு உண்மையில் கூடுவது வேகத்தின் மீது ஆசை பிறக்கும்போதுதான். எஞ்சின் திறனைக் கூட்டினால் கிளட்ச் தாங்காது. அதை மாற்றிப் பிடிமானமுள்ள டயரைப் போட்டால் அச்சோ கியர்பாக்ஸோ உடையும். விதிகளும் படிப்படியாக இறுகும். என்.எச்.ஆர்.ஏ. முறையில் பொதுவாக 11.49 விநாடியிலோ அதற்கும் விரைவாகவோ ஓடும் காருக்கு, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமான ரோல் பார் வேண்டும்; 9.99-ஐ எட்டினாலோ அதற்குக் கீழே சென்றாலோ மணிக்கு 135 மைலை எட்டினாலோ, ஓட்டுநரைச் சுற்றிலும் கூண்டாக அமையும் ரோல் கேஜும் போட்டி உரிமமும் தேவை. 2008-க்குப் பிந்தைய, மாற்றம் செய்யப்படாத கார்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. இவற்றோடு, வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயப் பாதையில் நேரும் சேதத்தை ஏற்காமல் போகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேலைக்குப் போக இருக்கும் ஒரே காரை ஓட்டுபவர், அது பழுதானால் மறுநாள் என்ன செய்வது என்பதை யோசித்த பிறகே முதல் மேம்பாட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

சேவையின் குறைகளும் சிறியவை அல்ல. கட்டணம் மாலை முழுவதற்குமானது என்றாலும் எத்தனை ஓட்டம் கிடைக்கும் என்று எவரும் உறுதி கூறுவதில்லை. ஒரு கார் எண்ணெயைக் கொட்டிவிட்டால் பாதையைச் சுத்தம் செய்து முடிக்கும் வரை அனைவரும் காத்திருக்க வேண்டும். மழை பெய்தால் ஓட்டமே நின்றுவிடும். மழை நாளுக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. புறப்பாட்டு விளக்குகள் உள்ள கம்பத்தின் முன் எப்படி நிற்பது, எந்தத் தடத்தில் எப்படித் திரும்புவது என்பதைக் கற்பிக்கப் பத்து நிமிட வகுப்பு போதும். பல பாதைகள் அதைக்கூட நடத்தாமல் புதியவரை வரிசையில் நேராக நிறுத்துகின்றன. இந்தக் குறை எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கூச்ச சுபாவமுள்ளவர்கள் இதனாலேயே வராமல் போகிறார்கள்.

கட்டணத்தைவிடப் பெரிய தடை தூரம். அமெரிக்காவிலேயே நியூ ஜெர்சியின் எங்லிஷ்டவுன் பாதை 2018-இலும், கொலராடோவின் பாண்டிமியர் பாதை 2023-இலும் டிராக் பந்தயத்தை நிறுத்திக்கொண்டன. அருகிலிருந்த பாதை மூடப்பட்டால், நுழைவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு எரிபொருளுக்கே செலவாகும். மற்றபடி, யார் வரலாம் என்பதில் இந்த விளையாட்டு தாராளமானது. ஆண், பெண் என்று தனிப் பிரிவுகள் இல்லை; ஷெர்லி மல்டௌனி என்ற பெண் ஓட்டுநர் 1977, 1980, 1982 ஆகிய ஆண்டுகளில், மிக வேகமான கார்கள் ஓடும் பிரிவான டாப் ஃபியூயலின் என்.எச்.ஆர்.ஏ. பட்டத்தை வென்றார். கைகளாலேயே இயக்கும் கட்டுப்பாடுகள் பொருத்திய கார்களுடன் ஓடுபவர்களும் உண்டு. அளவில் சிறிய கார்களை ஓட்டும் ஜூனியர் பிரிவில் ஐந்து வயதிலேயே தொடங்கலாம். ஆனால் அதற்குத் தனி வாகனம் வாங்கியே ஆக வேண்டும் என்பதால் பெற்றோருக்கு அது மலிவான வழியன்று.

காரில் எந்த மாற்றமும் செய்யாமல், கூட்டம் குறைவான வார நாள் மாலையில் போவதையே பரிந்துரைக்கிறேன். வரிசையில் நிற்கும்போதே புறப்பாட்டுக் கோட்டில் இருக்கும் ஊழியரிடம் முதல் ஓட்டம் என்று சொல்லிவிடுங்கள். சொன்னவருக்கு அவர்கள் பொறுமையாகக் கைகாட்டி வழிநடத்துவார்கள். ஏர்கண்டிஷனரை வரிசைக்கு வருமுன்பே அணைத்துவிடுங்கள். அதிலிருந்து சொட்டும் நீரும் பாதையை நனைக்கும்.