ஜி.என்.எம்.மா, பி.எஸ்சி.யா? முக்கூடல் மைனிக்குச் சொன்னது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே முக்கூடலில் இருந்து மைனி போன்.

"பிள்ளை நர்சிங்தான் படிப்பேங்கா. ஜி.என்.எம்.ல சேக்கவா, பி.எஸ்சி.ல சேக்கவா? நீயே ஒண்ணச் சொல்லிரு."

"என்ன குரூப்பு மைனி?"

"அதென்ன, எல்லாரும் மார்க்கத்தான கேப்பாவ?"

குரூப்தான் முதல் கேள்வி. பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். பொதுவாக 45 சதவீதம், பட்டியல் இனப் பிள்ளைகளுக்கு 40. ஜி.என்.எம். என்பது பொது நர்சிங்கும் பிரசவம் பார்ப்பதும் சேர்ந்த டிப்ளமோ. அதற்கு இந்திய நர்சிங் கவுன்சில் எந்த குரூப்பையும் ஒத்துக்கொள்கிறது. மொத்தத்திலும் ஆங்கிலத்தில் தனியாகவும் 40 சதவீதம் போதும், அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. அரசு இடம் தேடுகிறவர்கள் அந்தந்த வருஷத்துக் குறிப்பேட்டை ஒருதரம் வாசித்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் இரண்டுக்கும் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு, நீட் கிடையாது. வணிகவியல் படித்த பிள்ளை என்றால் பேச்சு இங்கேயே முடிந்திருக்கும், ஜி.என்.எம்.தான். மைனி மகள் பயாலஜி. அதனால் கதை நீளுகிறது.

முதலில் ஒரு குப்பையை ஒதுக்கிவிடுகிறேன். நம்ம ஊர்ப்பக்கம் பஸ் ஸ்டாண்டை ஒட்டின மாடிகளில் 'ஒரு வருட நர்சிங், உடனடி வேலை' என்று போர்டு தொங்கும். அதைப் படித்தால் உதவியாளராக எங்காவது நிற்கலாம். ஆனால் தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. 1926-ல் வந்த சட்டப்படி நடக்கிற கவுன்சில் அது. அங்கே பெயர் ஏறி, பின்னால் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), ஆர்.எம். (பதிவு பெற்ற மருத்துவச்சி) என்ற எழுத்துகள் சேர்ந்தால்தான் நர்ஸ். வெள்ளை உடுப்பு யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம்.

ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருஷம். அது மோசமான படிப்பில்லை. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக உட்காருகிறவர்கள் அவர்கள்தான். புதன்கிழமை தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு அரசின் பிக்மி இணையப் பதிவு, ஐயாயிரம் சனத்துக்கு ஒரு ஆள். ஊருக்குள்ளேயே இருந்து வேலை பார்க்க ஆசைப்படுகிற பெண்ணுக்கு அது பொருந்தும். ஆனால் அதற்குத் தனிப் பதிவேடு, ஆர்.என். ஆகாது. பிறகு ஜி.என்.எம். சேர வழி இருக்கிறது.

இனி போட்டிக்கு வருகிறேன்.

ஜி.என்.எம். மூன்று வருஷம், டிப்ளமோ. பி.எஸ்சி. நான்கு வருஷம், எட்டு செமஸ்டர், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம். இரண்டையும் முடித்தவர்கள் ஒரே பதிவேட்டில்தான் ஏறுகிறார்கள். இதைச் சொன்னால் மைனி நம்பவில்லை. "அப்ப ஒரு வருஷம் எதுக்குக் கூட?" என்றார். ஆராய்ச்சி, புள்ளியியல், நிர்வாகம், பாடம் நடத்தும் முறை என்று பி.எஸ்சி.யில் பாடம் கொஞ்சம் அகலம். மேலே எம்.எஸ்சி. போவதற்கும் அதுதான் நேர்வழி. பட்டம் என்பது புதுசும் இல்லை. வேலூரில் 1946-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஆங்கிலம்தான் பிள்ளைகளைத் திணறடிக்கும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் வருஷம் அனாட்டமி புத்தகத்தைத் திறந்து அழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஜி.என்.எம்.மில் அழுகை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் படிப்பின் பெயரைவிட, படிக்கிற இடத்தில் எத்தனை நோயாளிகள் படுத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரிசு. நான் படித்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ஜி.என்.எம். பள்ளியில். இரண்டாம் வருஷம், மெடிக்கல் வார்டு. திசையன்விளைப் பக்கத்துப் பனையேறி ஒருவர் வயிற்றோட்டத்தில் உடம்பு வற்றிப்போய் வந்திருந்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, முன்கைத் தோல் பனஞ்சிராய் மாதிரி. ரப்பர் கட்டி, தட்டி, தடவிப் பார்க்கிறேன், நரம்பே தெரியவில்லை. பின்னால் நின்ற வார்டு சிஸ்டர், "கண்ணால தேடாதட்டி, விரலால தேடு" என்றார். மணிக்கட்டுக்கு மேலே ஓரிடத்தில் விரல் மெத்தென்று அமுங்கி எழும்பியது. டிரிப் போடுகிற ரோஸ் கலர் ஊசிக்குழாய், வென்ஃப்ளான், 20 கேஜ். ரத்தம் பின்னால் ஏறியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. "பாளை அருவா பிடிச்ச கை தாயி, நீ பயப்படாமக் குத்து" என்றார் பெரியவர். அந்த ஒரு காலைப்பொழுது எந்தக் கேஸ் புக்கிலும் இல்லை.

பிற்பாடு என் வார்டுக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளை, பி.எஸ்சி., முதல் வகுப்பு. ரப்பர் கையில் மட்டுமே குத்திப் பழகியிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. கல்லூரி வைத்திருந்தவர்களுக்குக் கட்டடம் இருந்தது, ஆஸ்பத்திரி பெயருக்கு இருந்தது. சொந்த ஆஸ்பத்திரியில் நூறு படுக்கையாவது இருக்க வேண்டும் என்பது கவுன்சில் விதி. ஆகவே அட்மிஷனுக்குப் போகும்போது லேப், லைப்ரரி காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்களாகவே வார்டுக்குள் ஒரு நடை நடந்து, கட்டிலில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். காலை பதினொரு மணிக்கு பெட்ஷீட் மடிப்புக் கலையாமல் கிடந்தால் அங்கே சேர்க்காதீர்கள்.

இந்த விஷயத்தில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நிகர் நம் வட்டாரத்தில் இல்லை. 1965-ல் தொடங்கிய கல்லூரி. ராதாபுரத்துப் பாம்புக்கடி, நாலுவழிச்சாலை விபத்து, தென்காசிப் பக்கத்துச் சிக்கலான பிரசவம் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து இறங்கும். அங்கே அரசு நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம். இடம் கிடைத்தால், ஆஸ்பத்திரி இல்லாத தனியார் பி.எஸ்சி.யைவிட நான் அதைத்தான் எடுப்பேன். சொந்தக்காரர்கள் 'டிகிரி இல்லையா' என்று கேட்பார்கள், கேட்கட்டும். அரசு பி.எஸ்சி.க்கு மதுரை, தேனி என்று போக மார்க் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் முதல் இடம். நாசரேத் செயின்ட் லூக்ஸ் மாதிரி 19-ம் நூற்றாண்டிலேயே வேர்விட்ட மிஷன் ஆஸ்பத்திரிகளின் பள்ளிகளையும் பட்டியலில் வையுங்கள்.

வேலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. மாநில அரசு வேலை எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம். நர்ஸ் பதவிக்கு ஜி.என்.எம்.மும் பி.எஸ்சி.யும் ஒரே வரிசைதான். இருவருமே முதலில் தொகுப்பூதியம். 2015-ல் சேர்ந்தவர்கள் மாசம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தார்கள். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தவர்களில் என் தோழிகளும் உண்டு. பின்னால் ஊதியம் ஏறியது, ஆனாலும் நிரந்தரத்துக்கான காத்திருப்பு நீளம். 'கவர்ன்மென்ட் வேலை' என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லுமுன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசில் வித்தியாசம் தெரியும். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர் உடனே எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவர் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் காட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளமே 44,900. ரயில்வேயிலும் அதே சம்பள நிலைதான், அங்கே ஜி.என்.எம்.மையும் எடுக்கிறார்கள். ராணுவ நர்சிங் என்றால் பி.எஸ்சி. ஒரே வழி. பெண்களுக்கான அந்தப் படிப்பில் நாடு முழுக்க 220 இடம், அதற்கு நீட் மார்க் வேண்டும். படிப்பு முடிந்தால் லெப்டினன்ட். எங்கள் தெருவில் ஒரு லெப்டினன்ட் வந்தால் நான் கொட்டு அடிப்பேன்.

வெளிநாட்டில்தான் எனக்கு வலித்தது. சவூதியில் நானும் நாகர்கோவில் பெண் ஒருத்தியும் ஒரே வார்டு, ஒரே பன்னிரண்டு மணி நேர டூட்டி. அவள் பி.எஸ்சி. அந்த நாட்டுக் கவுன்சில் கணக்கில் டிப்ளமோ படித்தவர் 'டெக்னீஷியன்', பட்டம் படித்தவர் 'ஸ்பெஷலிஸ்ட்'. அவளுக்கு டிரிப் போடச் சொல்லிக்கொடுத்தவள் நான், சம்பளச் சீட்டில் அவள் எனக்கு மேலே. திரும்பி வந்து, ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை இரண்டு வருஷம் படித்ததற்கு அந்தச் சீட்டுதான் காரணம். பிரிட்டனில் ஜி.என்.எம்.மும் செல்லும். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7, பிறகு கணினித் தேர்வு, அங்கே போய் செய்முறைத் தேர்வு. ஆனால் அங்கே ஆள் எடுப்பு நம்பியாறு மாதிரி, ஒரு வருஷம் வெள்ளம், மறு வருஷம் மணல். வளைகுடா மாதிரி, வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டிய நாடுகளுக்கு 2015 முதல் அரசு அங்கீகரித்த அமைப்புகள் வழியாகத்தான் நர்சுகள் போக முடியும். தமிழ்நாட்டுக்கு ஓ.எம்.சி.எல். என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்டிடம் தாலிச்செயினைக் கழற்றிக் கொடுக்க அவசியமில்லை.

காசு. மைனி பீடி சுற்றித்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். ஜி.என்.எம். மூன்றும் போஸ்ட் பேசிக் இரண்டும் ஐந்து, பி.எஸ்சி. நான்கு, ஒரு வருஷம்தான் வித்தியாசம் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் ஜி.என்.எம். முடித்து இருபத்தோரு வயதில் சம்பாதிக்கத் தொடங்கி, நடுவில் தம்பியைப் படிக்கவைத்து, பிறகு தன் காசிலேயே போஸ்ட் பேசிக் போவது வேறு. நகையை அடகு வைத்து நான்கு வருஷம் வட்டி கட்டுவது வேறு. இங்கே தனியாரில் ஆரம்பச் சம்பளம் ஹாஸ்டல் வாடகையும் பஸ் காசும் போனால் கையில் நிற்காது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 2018-லேயே தனியார் நர்சுக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று அரசு அறிவித்தது. இங்கே அந்தப் பேச்சையே காணோம். கல்லூரியில் டியூஷன் பீஸ் மட்டும் கேட்காதீர்கள். யூனிஃபார்ம், பஸ், ஹாஸ்டல், வெளி ஆஸ்பத்திரி போஸ்டிங், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்துக்கு எழுதி வாங்குங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய். இரண்டையும் மைனியிடம் தனியாக எழுதிக் கொடுத்தேன்.

பெங்களூரு ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவில்–பெங்களூரு ரயிலில் ஜூன், ஜூலையில் பெட்டியோடு ஏறுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். நல்ல கல்லூரிகள் அங்கே நிறைய. ஏஜென்ட் கூட்டிப்போகிற கல்லூரி அதில் ஒன்றா என்பதை இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் நீங்களே பார்க்க வேண்டும். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் என்னை நகரவிடவில்லை. அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

மைனி மகளுக்கு என் கணக்கு இது. இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. அரசு பி.எஸ்சி. கிடைத்தால் அதில் சேர். இல்லையென்றால் ஐகிரவுண்ட் ஜி.என்.எம். தனியார் பி.எஸ்சி. மூன்றாவதுதான், அதுவும் வார்டைப் பார்த்த பிறகு. எல்லாம் கேட்டுவிட்டு மைனி போனை மகளிடம் கொடுத்தார்.

"அத்தை, ஒரே ஒரு டவுட்டு. ராத்திரி டூட்டில பேய் வருமா?"

"வராதுட்டி. தூக்கம்தான் வரும்."