ஏற்காட்டு ஓட்டு வீட்டுல ஆயில் ஹீட்டர்: ஓட்டிப் பார்த்தவன் சொல்றேன்

சேலத்து ஃப்ரெண்ட் ஒருத்தர் நாகலூர் பக்கம் பழைய வீடு வாங்கிருக்காரு, "அண்ணா எந்த ஹீட்டர் போடலாம்"னு கேட்டாரு. போன வாரம்தான் என் ஹீட்டர் பிளக் உருகி எலக்ட்ரீஷியன் வந்துட்டுப் போனாரு, அந்தக் கடுப்புலயே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

என்கிட்ட இருக்கறது 11 ஃபின் (உள்ள ஆயில் இருக்கற தகடு), 2500 வாட் ஆயில் ஹீட்டர். முன்னாடி இருந்தது செவப்பா எரியுமே அந்த ராடு ஹீட்டர், மூஞ்சி வேகும் முதுகு வெறைக்கும், கொழந்தைங்க தூங்கற ரூம்ல விடிய விடிய போட்டு விட பயம், அதனால இதுக்கு மாறினேன். ஆயில் எப்ப மாத்தணும்னு கேக்காதீங்க, அது சீல் பண்ணது, எரியறது இல்ல, தீரவும் தீராது.

என் பிரச்சனை அந்த தெர்மோஸ்டாட். ரூம் சூடானதும் தானா கட் ஆகும், கரண்ட் மிச்சம்னாங்க கடையில. கட் ஆகணும்னா மொதல்ல ரூம் சூடாகணுமேங்க! மேல மங்களூர் ஓடு, சீலிங் கிடையாது, ஜன்னல் சட்டம் மழையில ஊதி வெயில்ல சுருங்கி விரல் போற அளவு சந்து. சூடான காத்து நேரா மேல ஏறி ஓட்டு இடுக்கு வழியா மலை உச்சில இருக்கற சேர்வராயன் கோயிலுக்கே போயிடுது. டிசம்பர்ல அது கட் ஆகற 'டக்' சத்தத்தை நான் கேட்டதே இல்ல. மணிக்கு 2.5 யூனிட், எட்டு மணி நேரத்துக்கு 20, அப்ப 25 ராத்திரிக்கே 500 யூனிட் ஆச்சு, அதத் தாண்டினா ஸ்லாப் வேற மாறும். விடாம 11 ஆம்ப்ஸ் இழுத்தா லூசான சாக்கெட் என்ன பண்ணும், கருகத்தான் செய்யும். இப்ப மெயின்ல இருந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், 16 ஆம்ப் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மட்டும் சொருகிடாதீங்க.

ஃபயர் பிளேஸ் இருக்கே, சில்வர் ஓக் வெறகு சும்மா கெடக்கேனு தோணும். பாக்க அழகுதான், ஆனா ரூம் காத்தையும் சேத்து உறிஞ்சி மேல அனுப்பிடும். எரிக்காதப்ப அந்த புகைபோக்கி ஓட்டைல சாக்கு திணிச்சு வைங்க. கரிச்சட்டி பெட்ரூம்ல வேணவே வேணாம், மூடின ரூம்ல அதுலேர்ந்து வர்ற விஷவாயு ஆளையே கொன்னுடும். ஹாட் அண்ட் கோல்ட் ஏசி கரண்ட் கம்மியாத்தான் சாப்பிடும், ஆனா சந்து வழியா போறது அதுலயும் போகத்தான போகுது.

ஒண்ணு சொல்லணும். நவம்பர்ல மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும், ரஜாய்ல ஈர வாசம், பெல்ட்டு செருப்பெல்லாம் பூஞ்சை. ஹீட்டர் வந்ததுல இருந்து அதுக்கு ரெண்டடி தள்ளி நாற்காலில ஸ்வெட்டரைப் போட்டா (மேலயே போடக் கூடாது) காலையில மொறுமொறுனு இருக்கு, அந்த வாசமும் போச்சு. இதுக்காகவே பல நாள் திட்டாம விட்டிருக்கேன்.

அதனால தம்பி, நீ ஹீட்டர் வாங்காத. அந்தக் காசுல மொதல்ல ஓட்டுக்கு அடியில சீலிங் அடி, ஜன்னலுக்கு ரப்பர் பீடிங் ஒட்டு. அப்புறமும் குளிருச்சுன்னா என்னுதையே பாதி விலைக்குத் தர்றேன், பிப்ரவரி முடிஞ்சு வந்து எடுத்துக்கோ.