குளிர்விக்கும் ஐ.ஆர். செல் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகக் கருவி விற்கும் ஓர் இணையக் கடை, எங்கள் ஒரு வருட நிதியை முழுசாக வாங்கிப் போட்டுக்கொண்டு இப்போது கையை விரிக்கிறது.

நாங்கள் கேட்டது, திரவ மாதிரியைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து அகச்சிவப்பு (ஐ.ஆர்.) நிறமாலை, அதாவது மாதிரி எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடம், எடுக்கும் செல்: ஒளி புக ஜன்னல் வைத்த கூடு, குளிர் வெளியே பரவாமல் சுற்றிலும் வெற்றிடம். மைனஸ் 100 டிகிரி போதும். "வெற்றிடம் நிற்குமா, ஜன்னலில் பனி படியாதா?" என்று கேட்டேன். "மைனஸ் 150 வரைக்கும் நாங்களே ஓட்டிப் பார்த்தது மேடம், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் அந்த விற்பனையாளர். கையோடு ஒரு நிறமாலையும் அனுப்பினார். அதன் அடித்தளம் (மாதிரி எதையும் உறிஞ்சாத இடம்) கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அதை நம்பித்தான் ஒரு வருட நிதியும் முன்பணமாகப் போனது.

வந்ததை மாட்டி நைட்ரஜன் ஊற்றினோம். டிஸ்பிளே மைனஸ் 50 என்கிறது. மாதிரிக்குள் வேறொரு தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) விட்டுப் பார்த்தால் மைனஸ் 20கூட இல்லை. அவர்களுடைய சென்சர் நைட்ரஜன் தொட்டியை ஒட்டிய உலோகத்தில் முடுக்கப்பட்டிருக்கிறது, வேறென்ன காட்டும்? அப்புறம் ஓ-ரிங் (வெற்றிடம் கசியாமல் அடைக்கும் வளையம்) குளிரில் விறைத்துக் காற்றை உள்ளே விட்டது. வெற்றிடம் போனதும் பொட்டாசியம் புரோமைடு (தண்ணீரில் கரையும் உப்பு) ஜன்னலின் வெளிப்பக்கம் பனி பூத்தது. திரையில் 3300 செ.மீ⁻¹ பக்கம் அகலமாக ஒரு பட்டை, பனியில் இருக்கும் ஓ-எச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதியுடையது. என் மாதிரியில் ஓ-எச் தொகுதியே கிடையாது! செல் சூடேறியதும் பனி உருகி, உப்பு ஜன்னல் வெளுத்துப்போய், விளிம்பெல்லாம் கரைந்திருந்தது.

புகார் செய்தால் முதலில் "நைட்ரஜனை வேகமா ஊத்தியிருப்பீங்க" என்றார்கள். பிறகு "ரூம்ல ஈரப்பதம் ஜாஸ்தி." பிறகு "ஜன்னலுக்கு வாரண்டி கிடையாது." சரி, அந்த அழகான நிறமாலை எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று கேட்டேன். "அது ரூம் டெம்பரேச்சர் மேடம், சும்மா சாம்பிளுக்கு." அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை. ஒரு வருட நிதி!

எதையெல்லாம் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் எடுத்த நிறமாலையை, வெப்பநிலையோடு கேளுங்கள். சென்சர் எங்கே இருக்கிறது, ஓ-ரிங் எந்தப் பொருள் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறமாலையில் 1100 செ.மீ⁻¹-க்குக் கீழே பார்க்கத் தேவையில்லை என்றால் கால்சியம் ஃபுளோரைடு ஜன்னலே கேளுங்கள், பனி உருகினாலும் கரையாது.