கெர்னல் டிரைவரை யூ-பூட்டுக்குக் கடன் வாங்கி நான்கு வருடம்

"லினக்ஸ் கெர்னல்ல ஓடுற டிரைவர அப்படியே யூ-பூட்டுல போட்டுக்கலாமாண்ணா?" என்று போன வாரம் பக்கத்து சீட் தம்பி கேட்டான். யூ-பூட் என்பது போர்டுக்குக் கரண்ட் வந்ததும் ஓடி, லினக்ஸை ஏற்றிவிடுகிற பூட்லோடர்.

போடலாம். இரண்டுமே ஜிபிஎல் 2, உரிமச் சிக்கல் கிடையாது. சுலபமாகக் கம்பைலும் ஆகிவிடும். வம்பே அதுதான்.

கெர்னல் கோடு கேட்கிற கே-மல்லாக் (மெமரி வாங்குவது), மியூட்டெக்ஸ், ஸ்பின்லாக் (இரண்டும் பூட்டுகள்) எல்லாவற்றுக்கும், கெர்னல் கோடு கம்பைல் ஆவதற்கென்றே இருக்கிற யூ-பூட்டின் காம்பேட் ஹெடரில் அதே பெயரில் ஒன்று இருக்கும். கே-மல்லாக் உள்ளே யூ-பூட்டின் சொந்த மல்லாக்தான். மியூட்டெக்ஸ் ஒன்றும் செய்யாத காலி மேக்ரோ. இன்டரப்ட் இல்லாமல், வேலை முடிந்ததா என்று தானே திரும்பத் திரும்பப் பார்க்கிற போலிங்கிலேயே தனியாளாக ஓடுகிற நிரலுக்குப் பூட்டு எதற்கு? பெயரில் மட்டும் பூட்டு போதும், சரி.

என்னைக் கடித்தது, வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்கிற ஃப்ரீ. டிடிஆர் என்கிற பெரிய மெமரி எழுவதற்கு முன், சிப்புக்குள்ளேயே இருக்கிற சின்ன மெமரியான எஸ்ராமில் ஓடுகிற எஸ்பிஎல்லில் (யூ-பூட்டின் குட்டி முதல் கட்டம்), சிம்பிள் மல்லாக் என்கிற எளிய மல்லாக்கை வைத்து 8 கேபி ஒதுக்கியிருந்தேன். அதில் ஃப்ரீயைக் கூப்பிட்டால் ஒன்றுமே நடக்காது, கொடுத்த இடம் திரும்பாது. நான் எடுத்துவந்த மெமரி கார்டு டிரைவரோ ஒவ்வொரு முயற்சிக்கும் 512 பைட் வாங்கும், தோற்றால் விடுவிக்கும், மறுபடி வாங்கும். பாதி இடத்தை, டிரைவர்களை நிர்வகிக்கிற யூ-பூட்டின் டிரைவர் மாடலே தின்றிருக்க, எட்டு முயற்சிக்கு மேல் தாங்காது. கார்டு ஒழுங்காகப் பதில் சொன்ன நாளில் பூட் ஆகும், முரண்டு பிடித்த நாளில் சீரியல் கன்சோலில் மயான அமைதி. பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் கெபாசிட்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பஃபர் வாங்கும் வரியை லூப்புக்கு வெளியே நகர்த்தினேன். அவ்வளவுதான்.

கெர்னலில் அந்த டிரைவருக்கு அப்புறம் வந்த திருத்தங்கள் ஒன்றும் என் நகலுக்குத் தானாக வரவில்லை என்பது தனிக்கதை. ஒவ்வொன்றாகத் தேடி ஒட்டினேன்.

போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று விவரிக்கிற டிவைஸ் ட்ரீ மட்டும் வேறு ரகம். 2024-இல் கெர்னலின் டிடிஎஸ் கோப்புகளை (டிவைஸ் ட்ரீயின் மூலக் கோப்புகள்) யூ-பூட் தன் மூலநிரலுக்குள்ளேயே கொண்டுவந்தது. அவற்றையே பயன்படுத்தச் சொல்கிற ஓஎஃப்-அப்ஸ்ட்ரீம் அமைப்பை இயக்கிவிட்டு, சிப்புக்காக நான் கட்டிக்காத்த பழைய நகல்களை அழித்தேன். எஸ்பிஎல்லுக்கு அந்த விவரிப்பில் எந்தெந்த நோடு (பகுதி) வேண்டும் என்று சொல்கிற சின்னக் கோப்பு ஒன்றுதான் மிச்சம். அன்றைக்கு டீக்கடையில் எல்லாருக்கும் நானே காசு கொடுத்தேன்.

ஆகவே டிரைவர் கடன் இனி வேண்டவே வேண்டாம். போன மாதம் ஒரு ஈதர்நெட் டிரைவரை எடுத்து ஒட்டினேன்தான், அவசரம்.

"எடுத்துக்கோ, எஸ்பிஎல் பக்கம் மட்டும் போயிடாத" என்றேன் தம்பியிடம். அவன் எஸ்பிஎல்லுக்குத்தான் கேட்டானாம்.