கீமோ வார்டில் வீடியோ எடுக்க வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

என் தங்கச்சிக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். போன ஆடியில் மார்பில் கட்டி தட்டுப்பட்டு, பயாப்ஸி எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. அவள் சம்பளமும் டெம்போ ஓட்டும் மாப்பிள்ளை கொண்டுவரும் வாடகையும்தான் அந்த வீட்டின் வரும்படி. அவள் படுத்ததும் சம்பளம் நின்றது. அவளைக் கோயமுத்தூர் கூட்டிப்போக, வர, பிள்ளையைப் பார்க்க என்று மாப்பிள்ளை வண்டி எடுக்காத நாட்கள் கூடிக்கொண்டே போக, வாடகையும் பாதியானது. நகை முதல் மாதமே அடகுக்கடைக்குப் போய்விட்டது.

இரண்டாவது கீமோ அன்று நடந்ததைச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனை. சிவப்பு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. முதல் கீமோ முடிந்து 18ஆம் நாளே முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்ததால், மிச்சத்தை நான்தான் மெஷின் வைத்து எடுத்துவிட்டிருந்தேன். தலையில் நீலப் பருத்தித் துணி கட்டியிருந்தாள். அப்போது ஒரு பையன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். ஆஸ்பத்திரி ஆள் என்றுதான் நினைத்தோம். ஆன்லைனில் நிதி திரட்டித் தருகிற நிறுவனத்தின் ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒரு பைசா செலவில்லைங்கண்ணா. வீடியோ, விளம்பரம் எல்லாம் நாங்களே பாத்துக்குவோம். பணம் நேரா உங்களுக்கு வந்துரும்" என்றான். டேப்லெட்டில் பக்கம் பக்கமாக இங்கிலீஷ். விரலால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் கட்டத்தைக் காட்டினான். மாப்பிள்ளை விரலாலேயே கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், படிக்கவில்லை.

பிறகு போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தான். "அக்கா, அந்தத் துணிய மட்டும் எடுத்துருங்க. துணி இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க" என்றான். தங்கச்சி என்னைப் பார்த்து, "எடுக்கணுமாண்ணா?" என்று கேட்டாள். கை அந்த முடிச்சின் மேலேயே இருந்தது. நான் "எடுத்துரு சாமி, பணம் வேணுமல்ல" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அடுத்து எட்டாவது படிக்கும் அவள் மகளைக் கூப்பிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழச் சொன்னான். பிள்ளைக்கு அழுகை வரவில்லை. மூன்றாவது தடவை எடுக்கும்போது நிஜமாகவே அழுதுவிட்டாள்.

நான்கு நாளில் வீடியோ ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓடியது. சோக இசை போட்டு, "7 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் இந்தத் தாய் பிழைக்க மாட்டார்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. 21 நாளுக்கு ஒன்றாக நான்கு கீமோ, அதன்பின் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, பிறகு ஆபரேஷன் என்று நிதானமாகத்தான் எங்களுக்கு விளக்கியிருந்தார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லிப் போன் பண்ணினேன். "அப்படிப் போட்டாத்தான் வரும்ணா" என்று வைத்துவிட்டார்கள்.

பணம் வந்ததென்னவோ உண்மை. 33 நாளில் 5,46,300 ரூபாய் சேர்ந்ததாக அந்தப் பக்கம் காட்டியது. முகம் தெரியாதவர்கள் 100, 200 என்று போட்டிருந்தார்கள். அந்தப் பெயர்களை என் தங்கச்சி ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பாள்.

ஏழு வாரம் அலைந்தபிறகு கணக்கு அனுப்பினார்கள். விளம்பரச் செலவு 2,96,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 53,280. பணப் பரிமாற்றக் கட்டணம் 16,389. எங்கள் கைக்கு வந்தது 1,80,631 ரூபாய். ஏன் என்று கேட்டால், மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட படிவத்தில் "மார்க்கெட்டிங் சப்போர்ட்" என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதாம். அந்த டிக்கை நாங்கள் போடவில்லை, முன்பே போட்டு வைத்திருந்தது. ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் ஆயிரமும் மருந்துக்குப் போனதாக நினைத்திருப்பார். போனது 330 ரூபாய். நானே அந்தப் பக்கத்தில் 1,000 போட்டபோது 1,160 பிடித்தார்கள். தொகைக்குக் கீழே அந்தத் தளத்துக்கான "டிப்" முன்கூட்டியே சேர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கொடுக்கிறவர்களும் அதைப் பார்த்து எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். ஒரு நாள் தங்கச்சி மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். "அம்மா செத்துருமா மாமா? அதுல அப்படித்தான எழுதியிருக்குது" என்று கேட்டாள். அன்றே வீடியோவை நீக்கச் சொல்லி எழுதினோம். 26 நாள் கழித்துத்தான் நீக்கினார்கள். அதற்குள் வேறு யாரோ அதை வெட்டி, கீழே தங்கள் க்யூஆர் குறியை ஒட்டிச் சுற்றவிட்டுவிட்டார்கள். பல்லடத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகனே அதற்கு 2,000 அனுப்பியிருக்கிறான். அவன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறான். இப்படிப் பணம் போனால் அந்த எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் பணம் கைமாறிவிடும்.

இதையெல்லாம்விட என் மனசு ஆறாத ஒன்று உண்டு. அவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு, கம்பெனியில் பேட்லாக் மெஷினில் உட்காரும் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "ஏனப்பா, அவளுக்கு இ.எஸ்.ஐ. புடிக்கறாங்கல்ல? அங்க போகலையா?" அவள் சம்பளம் 14,000. அதில் 0.75 சதவீதம், மாதம் 105 ரூபாய், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு வருடக்கணக்காகப் பிடித்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கத்தான் இ.எஸ்.ஐ. என்று நாங்கள் நினைத்திருந்தோம். வேலைக்குப் போக முடியாத நோயாளிக்கு முதல் 91 நாள் சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறார்கள். அதன்பிறகும், புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. இந்த 80 சதவீதத்துக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, அதில் 156 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். என் தங்கச்சிக்கு அதற்கு மேலேயே இருந்தது. முதல் மூன்று மாதம் 9,800, பிறகு மாதம் 11,200 ரூபாய் என்று வந்திருக்க வேண்டிய வீட்டில்தான் நாங்கள் பிள்ளையை அழவைத்துக் காசு திரட்டினோம். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று இல்லாமல் கழிந்த மாதங்களுக்கு இப்போது கேட்டுக்கொண்டு நடக்கிறோம். அந்த வீடியோப் பையனிடம் முதல் நாளே நான் கேட்டேன், அரசாங்கத்தில் எதுவும் கிடைக்காதா என்று. "அதெல்லாம் வேஸ்ட்டுங்கண்ணா, ஆறு மாசம் இழுப்பாங்க" என்று சொல்லிவிட்டான், நானும் நம்பிவிட்டேன்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள், வருட வருமானம் 1,20,000க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்துக்குப் போங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட்டே இலவசம், கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் சான்றுப் படிவம் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்லைனில் கேட்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், வேறு வழியில்லாத வீடுகள் நிறைய. கையெழுத்துப் போடுமுன் ஒன்றை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்: நூறு ரூபாய் வந்தால் என் கைக்கு எத்தனை ரூபாய், எத்தனை நாளில். எழுதித் தராதவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வீடியோவை எப்போது கேட்டாலும் நீக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். சேவைக்காக நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

பிறகு கம்பெனியில் டெய்லர், செக்கிங், கட்டிங் என்று எல்லாரும் ஒரு சனிக்கிழமை சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் மொய் எழுதுவதுபோலப் பெயரும் தொகையும் எழுதினோம். 41,700 ரூபாய். மருந்துக்கடை பில் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிவருகிறேன். இதற்கு அவளை யாரும் துணியை அவிழ்க்கச் சொல்லவில்லை.

வாரக் கீமோவில் இன்னும் மூன்று பாக்கி. டாக்டர் கட்டி சுருங்கியிருக்கிறது என்கிறார். முடியில்லாத தலையோடு ஒரு பெண், பக்கத்தில் பச்சைச் சீருடையில் அழும் பிள்ளை, கீழே க்யூஆர் குறி: அந்த வீடியோ இன்னும் சுற்றுகிறது. உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள், யாருக்கும் தள்ளிவிடவும் வேண்டாம், அழித்துவிடுங்கள். அந்தப் பிள்ளை ஜூனில் ஒன்பதாவது போகிறாள்.